வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீடு

சாமி,

நாற்பதாயிரம் பெண்களுக்கு நடுவே தன்னந்தனியாகக் குடியிருக்கும் உன் மாமன், சேந்தமங்கலம் சாலைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கோழி சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி, தீவனம் அளிப்போன், முட்டை கொள்வோன், எழுதிக்கொள்வது. பெண்கள் அனைவரும் நலம். காலையில் நான் கொட்டகைக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் ஒரே நொடியில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறார்கள். பூமி தோன்றிய நாளிலிருந்து எந்த மன்னனுக்கும் இப்படியொரு அந்தப்புரம் வாய்த்ததில்லை. ஒரே ஒரு குறைதான். நாற்பதாயிரம் பேரில் ஒருத்திகூட "சாப்ட்டீங்களா?" என்று கேட்க மாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்டாக்ஹோமிலிருந்து கூப்பிட்டு, திடீரென்று "மாமா, ஊடு வந்துருச்சுங்க" என்றாய். நம் ஊரில் லாரி வரும், தீவனம் வரும், கரண்டு வரும். வீடு எப்படியடா வரும் என்று ஒரு கணம் விழித்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. படிக்கப் போய் இறங்கிய முதல் வாரமே அந்த நகரத்தின் வாடகை வீட்டு வரிசையில் நீ பெயர் கொடுத்தாய். சொந்தப் பெயரில், நியாயமான வாடகையில் ஒரு வீடு வேண்டுமென்றால் அங்கே பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று அன்று நீ சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு காலத்தில் நம் ஊரில் ஒருத்தன் வீட்டைக் கட்டி, குடிபோய், பங்காளிச் சண்டையில் அதை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவரும் எழுப்பியிருப்பான். நீ நின்றாய். இத்தனை வருஷமாக, யாராவது வெளியூர் போனால் அவருடைய வீட்டில், அவருடைய கட்டிலில், அவருடைய வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்துவிட்டு, அவர் திரும்பி வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குப் போனாய். இப்போது உன் முறை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் அது உன் வீடு. நீ வாடகை கட்டும்வரை யாரும் உன்னை எழுப்ப முடியாது.

இதை நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுகிறவன் மாதிரி, "இல்லாட்டி ஒண்ணு பண்ணட்டுங்களா மாமா? ஊடு வேண்டாம்னு சொல்லிப்போட்டு அங்கயே வந்தர்றேன். பண்ணையப் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லோணும். நீங்களே சொல்லுங்க" என்றாய். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத உன் மாமன், ஒரு கொட்டாவியைக்கூட ஒரு மணி நேரம் வர்ணிக்கக்கூடிய உன் மாமன், "லைன் சரியில்ல சாமி, எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அங்கே உன் ஜன்னலில் காற்று மோதியதுகூடக் கேட்டது. "வா" என்று வாய் வரை வந்துவிட்டது. அதை உள்ளே தள்ள அவகாசம் தேவைப்பட்டது.

பெற்ற அப்பனாக இருந்தால் ஒரே எழுத்தில் உத்தரவு போட்டு முடித்திருக்கலாம். நான் உன்னை வளர்த்தவன், அவ்வளவுதான். உன் அப்பா போய், அடுத்த வருஷமே என் தங்கையும் உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனபோது உனக்கு ஆறு வயது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஊரில் நூறு காரணம் சொல்வார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாம் என் கோழிகளின் எண்ணிக்கையைக் கேட்டுப் பொறாமையில் ஓடிவிட்டார்கள் என்பது நான் சொல்லும் காரணம். எப்படியோ, நீயும் நானுமாக ஒரு குடும்பம் ஆனோம். தாய்மாமனுக்கு நம் பக்கத்தில் சீர் செய்கிற உரிமை நிறைய உண்டு. காது குத்தும்போது மடி கொடுக்கலாம், பட்டு எடுக்கலாம், சபையில் முதல் ஆளாக நிற்கலாம். மருமகனின் வாழ்க்கையை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற உரிமை அந்தச் சீர்வரிசைத் தட்டில் எங்கேயும் இல்லை. அதனால் உத்தரவாக எதையும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ சேர்த்துப் பார்த்துக்கொள்.

போன ஆனியும் ஆடியும் உன்னோடு அங்கே இருந்தேன் அல்லவா, திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரு பெரிய சங்கடம். நான் பிறவியிலேயே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று இந்தத் தாலுகா முழுவதும் தெரியும். அதனால் உன் ஊரைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் சூரியன் போகாமல் நின்று ஓவர்டைம் பார்க்கிறது என்றேன், சிரித்தார்கள். மீசை வைத்த ஆம்பளைகள் வேலை நாளில் கூட்டம் கூட்டமாகத் தள்ளுவண்டியில் கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், நான் ஏதோ வேலைநிறுத்தம் என்று நினைத்துவிட்டேன், விசாரித்தால் பிள்ளை வளர்க்கச் சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றேன், எழுந்தே போய்விட்டார்கள். பள்ளிக்கூடமும் இலவசம், மத்தியானச் சோறும் இலவசம் என்றதற்கு மட்டும் "அது நம்மூர்லயும் இருக்குதுங்களே" என்று ஒருத்தர் பெருமையாகச் சொன்னார். நியாயம்தான். ஆனால் அங்கே பெரிய கம்பெனி முதலாளி மகனும் அதே வரிசையில் அதே தட்டோடு நிற்கிறான் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நீ இரவலாகக் குடியிருக்கிற வீட்டில் குழாய் ஒழுகியது நினைவிருக்கிறதா? நம் ஊரில் என்றால் முக்கில் நின்று ஒரு விசில் அடித்தால் போதும், பிளம்பர் வந்து குழாயைத் திறந்து, ஒரு டீ குடித்து, இருந்த ஒழுகலை இரண்டு ஒழுகலாக்கிவிட்டுப் போவார். அங்கே நாள் குறித்து, இரண்டு வாரம் கழித்து, நம் கலெக்டருடையதைவிட நல்ல காரில் ஒரு மகராசன் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, அறுவை சிகிச்சை செய்வது போல ஒரு வளையத்தை மாற்றினார். அவர் கேட்ட கூலிக்கு ஆத்தூரில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே ஜவ்வரிசிப் பாயசம் ஊற்றலாம். நான் மயக்கம் போட்டு விழப் பார்த்தேன். நீயோ, "அவரும் நல்லா இருக்கோணுமில்லீங்க மாமா, அவரு ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் ஒரே வாடகதானுங்க" என்றாய். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த ஊருக்கு நான் பாதி மனதைக் கொடுத்தேன். மனிதக் கைக்கு அத்தனை விலை வைத்திருக்கிற ஊரில், ஒவ்வொருத்தரும் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட ஆள், பெருக்க ஆள், கார் துடைக்க ஆள் என்று வளர்ந்த நீ, அங்கே கக்கூஸ் கழுவிக்கொண்டே கம்பெனிக் கூட்டத்தில் இங்கிலீஷ் பேசுகிறாய். ஹோட்டலில் சாப்பிட்டால் கட்டாது என்று இஞ்சினியர்கள் எல்லாம் தூக்குவாளி கட்டிக்கொண்டு போய், சூடு பண்ணுகிற பெட்டிக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே அரசாங்கம் ஒரு பெரிய கவளம் கடித்துவிடுகிறது. ஒருத்தரும் முனகவில்லை. வரி கட்டுகிறவன் சிரித்துக்கொண்டே கட்டுகிற அதிசயத்தை இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். இனி நான் இமயமலை பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த முட்டை அலமாரி. கடைக்குக் கூட்டிப்போன நீ, சாமான் எல்லாம் எடுத்து முடித்துத் தேடி வந்தபோது நான் முட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, திருப்பதி பெருமாளைப் பார்ப்பதுபோல நின்றிருந்தேன். ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் அந்தக் கோழி எப்படி வாழ்ந்தது என்று எழுதியிருப்பதை நீ படித்துச் சொன்னாய். இது கூண்டில்லாமல் கொட்டகைக்குள் நடமாடிய கோழி, இது வெளியே புல்லில் உலாத்திய கோழி, இது ரசாயனம் படாத தீனி தின்ற கோழி. நம் தாசில்தாருக்கு இல்லாத வாழ்க்கைத்தரம்! வந்ததும் இதை முட்டை பொறுக்கும் செல்லம்மாவிடம் சொன்னேன். பண்ணையில் இருபது வருஷமாக இருக்கிறவள், என்னைப் பார்த்துச் சிரிக்க உரிமை பெற்ற ஒரே ஆள். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க, கூண்டு இல்லாட்டி அதுக எங்க வேண்ணாலும் முட்டை போட்டு வைக்குமே, யாருங்க குனிஞ்சு குனிஞ்சு தேடறது?" என்றாள்.

"அங்க எல்லாத்துக்கும் மிஷினு இருக்குது செல்லம்மா."

"அப்ப நானு என்னுங்க பண்ணுவேன்?"

"உனக்கு அரசாங்கமே ஊடு குடுத்து, சோறு போட்டு, ஆஸ்பத்திரி பாக்கும்."

"சும்மாவா? வேல செய்யாத்தயா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்பறம் பொழுதுக்கும் யாருகூடங்க பேசிட்டிருக்கறது?"

நான் தராசைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

நீயும் நானும் இதுவரை முழுதாகப் பேசி முடிக்காத வியாழக்கிழமை விஷயத்துக்கு இனி வர வேண்டும். உன் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கிற அறை. அத்தனை பணக்கார ஊரில் வீட்டுக்கு வீடு மிஷின் வைக்காமல் ஒரு கட்டடத்து ஜனம் முழுவதும் இரண்டு மிஷினை முறை வைத்துப் பயன்படுத்துகிறது. சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு துளை. உன் வீட்டு எண் பொறித்த குட்டிப் பூட்டை எந்தத் துளையில் மாட்டுகிறாயோ அந்த நேரம் உன்னுடையது. "அடுத்தவங்க நேரத்துல கால் வெச்சா கொலக்குத்தம் மாமா" என்று எச்சரித்தாய். எனக்கு ஒரே சிரிப்பு. இதை எனக்குச் சொல்ல வேண்டுமா? இது நம் பங்குக் கிணற்று முறைதானே! இன்று இவன் தண்ணீர் பாய்ச்ச, நாளைக்கு அவன். முறை தவறினால் மண்வெட்டி பேசும். ஸ்டாக்ஹோமுக்கும் சேந்தமங்கலத்துக்கும் ரத்த சம்பந்தம் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முறைக்கு நம் பக்கம் இன்னொரு சட்டம் உண்டு. அது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. முறைக்காரன் முறைக்கு வரவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கோடையில் தன் முறைத் தண்ணீரை விடுகிறவன் உலகத்தில் கிடையாது. பக்கத்துப் பங்குக்காரன் உடனே அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போடுவான். காய்ச்சலாகக் கிடந்தால் அவன் வயலுக்கும் சேர்த்து மடை திருப்பிவிட்டு வருவான். உன் எதிர்க்கதவுக்காரர், அந்த நெடுநெடுவென்ற கிழவர், வியாழக்கிழமை காலை தவறாமல் துவைப்பார். பேர் என் வாயில் நுழையாததால் வியாழக்கிழமைக்காரர் என்றே வைத்துக்கொண்டேன். ஒரு வியாழன் நான் வேடிக்கை பார்க்கக் கீழே போனால், பூட்டு பலகையில் தொங்குகிறது, மிஷின் சும்மா கிடக்கிறது, ஆளைக் காணோம். காத்திருந்து பார்த்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி அவர் கதவை உள்ளங்கையால் படபடவென்று தட்டி, "ஏனுங்கோ! முறைங்கோ! இருக்கீங்களா?" என்று நாமக்கல் சந்தையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். கதவு நாலு விரல் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் ஒரு வெளிறிய முகம். நான் இரண்டு கையையும் மிஷின்போலச் சுற்றிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டார். பாவம், அன்று கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டாராம். வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கட்டடத்துச் சங்கத்திலிருந்து உனக்குச் செய்தி வந்தது. நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாய்: "மாமா, இங்க யாரும் யாரு கதவையும் தட்ட மாட்டாங்க. மெசேஜ் அனுப்பிச்சு, நாள் குறிச்சு, அப்பறந்தான் போவாங்க."

"உள்ள செத்துக் கெடந்தா?"

"அதுக்கும் ஆளு இருக்குதுங்க. நகராட்சில இருந்து வருவாங்க."

நீ விளக்கமாகத்தான் சொன்னாய், நக்கல் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று இரவுச் சோற்றை நான் பேசாமல் தின்றேன். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பதிலையே அசை போட்டுக்கொண்டிருந்தேன். முதலில், இது என்ன ஊரடா, பிணத்துக்குக்கூட உறவு வேண்டாமா என்றுதான் பொங்கினேன். போகப் போக வேறு ஒன்றும் தெரிந்தது. அந்த ஊரில் எண்பது வயதுக் கிழவி மாத்திரைக்காக மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்தவள் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்க வேண்டியதில்லை. யாருக்கும் யாரும் கடமைப்படாதபடி முழு ஊரையும் வரிப்பணத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைதான் அங்கே குளிராகவும் அடிக்கிறது. நீ எட்டு மாதம் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்குவது பனிக்கு மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும், சாமி. உன் குரலை நீ அறிவதற்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நீ ஒரு வேடிக்கை சொன்னாய். அதை நீ வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். "போன வாரம் சும்மா படுத்துக் கெடந்தேன் மாமா. வேலைக்குப் போகல. காச்சலெல்லாம் இல்ல. மத்தியானம் மூணு மணிக்கே இருட்டாயிருது, எந்திரிக்கவே தோணல" என்றாய். உன் துவைக்கிற முறையும் அதில் போக இருந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. விரல் நுனியால், முட்டை ஓட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல. திறந்தால் வியாழக்கிழமைக்காரர். "உன் முறை" என்று இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். பிறகு கையை இப்படிச் சுற்றிக் காட்டினாராம், நான் காட்டிய மாதிரியே. நீ அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கீழே போனாய். மிஷின் ஓடி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்த்தீர்கள். "உங்க வியாதி அந்தாளுக்கும் தொத்திக்கிச்சுங்க மாமா" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய், கோழிச் சத்தத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே நின்றால் மனுஷன் மூக்கை உறிஞ்சினால் வெளியே கேட்காது.

இருட்டில் எழுந்திருக்கத் தோன்றாமல் படுத்துக் கிடந்தவன்தான் எனக்குப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அதனால் அந்தப் பேச்சை நான் அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ள முடியாது. செல்லம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவளுக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். "வரச் சொல்லுங்க! சேந்தமங்கலத்துல எங்க சித்தி ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு டீச்சர் புள்ள இருக்குது. தையில முகூர்த்தம் வெச்சுப்போடலாம். இந்த ஊட்டுல ஒரு கொழந்த அழற சத்தம் கேக்கட்டுமுங்க" என்றாள். எனக்கும் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். அன்று முழுவதும் மனசுக்குள் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, ஆயிரம் பேருக்கு இலை விரித்து, உனக்குப் பெண் வீட்டார் போட்ட மோதிரத்தைக்கூடக் குறை சொல்லி முடித்துவிட்டேன்.

பிறகு சாயங்காலம் நம் தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தேன். சாமி, நீ திரும்பி வரலாம் என்று நினைக்கிற தெரு எது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வலது பக்கம் முழுவதும் மூன்று மாடி வீடு. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு கிழங்கள், மேலே பூட்டு. பிள்ளைகள் டெக்சாசில், சிட்னியில், பெங்களூரில். நாமக்கல்லில் நாம் வைத்திருப்பது இரண்டு வகைப் பண்ணை அல்லவா? ஒன்று முட்டைக்கு, இன்னொன்று பள்ளிக்கூட மார்க்குக்கு. இரண்டிலும் விளைந்ததை லாரி ஏற்றி வெளியூர் அனுப்பியாகிவிட்டது. இப்போது இங்கேயும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவதென்றால் "இருக்கீங்களா, ஃப்ரீயா?" என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போகிறோம். வாசலில் நின்று கூப்பிட்டால் நாய் குரைக்கும், கேமரா சிவப்பாக முழிக்கும், கதவு திறக்காது. கல்யாணம் என்றால் மண்டபத்துக்குப் போய், போட்டோவுக்கு நின்று, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு காரில் ஏறி வந்துவிடுகிறோம். அந்த நகரத்துக்காரர்கள் பெரிய காசு கொடுத்து வாங்கிய தனிமையை நாங்கள் ஓசியிலேயே கட்டி முடித்துவிட்டோம். அவர்களுக்காவது ஆஸ்பத்திரி சேர்ந்து கிடைத்தது. இருட்டுக்குப் பயந்து இங்கே வந்தாயானால், கரண்டு இருக்கிற இருட்டில் உட்கார்ந்திருப்பாய். பக்கத்தில் நான் இருப்பேன், உண்மை. எத்தனை நாள் இருப்பேன்?

கோழிமேல் ஆசைப்பட்டு வருவாயானால் நாளைக்கே வா. சாம்ராஜ்யத்தைச் சாவியோடு கொடுக்கிறேன். ஆனால் கோழி எச்சத்தின் வாசனைக்கு ஆறு வயதிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நீ. உனக்கு அங்கே பிடித்த வேலை இருக்கிறது. பிளம்பரும் நானும் ஒரே வாடகை என்று சொல்லும்போது உன் முகத்தில் வருகிற களை இருக்கிறது. அதோடு, உனக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒரு மனிதர், தன் ஊரின் பழக்கத்தை மீறி, வெட்கத்தைவிட்டு, உன் கதவுக்கு வந்திருக்கிறார். சொந்தக்காரன் வந்தால் அது முறை. அவர் வந்தது வரவேண்டும் என்று தோன்றியதால். அப்படி ஒருத்தரைச் சம்பாதிக்க எனக்கு இந்த ஊரில் எத்தனை வருஷம் ஆனது என்று செல்லம்மாவைக் கேட்டால் சொல்வாள். புது வீட்டுக்குப் போனாலும் அவரை விட்டுவிடாதே. எந்தப் பஸ்ஸில் வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. நாள் குறித்துக் கூப்பிடு, அதுதான் அவருக்கு வசதி. ரசம் வை. காரத்தைக் குறை.

ஆகையால் என் வார்த்தை இது: கையெழுத்துப் போடு.

இனி வருவதில் ஒரு துளி மிகை கிடையாது. என்னைத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் வேறு யாரோ எழுதியது என்று சொல்வார்கள். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் பேப்பரைப் போட்டு வைக்கிறேன், அது காலியாக இருப்பது கண்ணில் படாமல் இருக்க. நான் சொல்லும் பொய்களுக்கு "போங்க மாமா" என்று சொல்ல ஆள் இல்லாததால் இப்போதெல்லாம் பொய் சொல்வதே குறைந்துவிட்டது. "நான் நல்லாருக்கேன், என்னப் பத்திக் கவலப்படாத" என்று மற்ற பெரியவர்கள் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். நீ கவலைப்படத்தான் வேண்டும். வாரம் இரண்டு முறை போன் பண்ணித்தான் ஆகவேண்டும். ஆனால் இந்தக் கவலையைக் கொண்டுபோய் அந்த வீட்டுக் காகிதத்தின்மேல் வைக்காதே. நீ வீட்டுக்குச் சம்மதம் சொல்வதும் உண்மையாக இருக்கட்டும், எனக்கு நீ இல்லாமல் ஆகாது என்பதும் உண்மையாக இருக்கட்டும். ஒன்றை ஈடு வைத்து இன்னொன்றை மீட்க வேண்டியதில்லை. இரண்டையும் தாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் இருக்க முடியும் என்பதை இத்தனை வருஷமாக நான் இங்கே செய்து பார்த்துவிட்டேன். முடிகிறது. சிரமமாக இருக்கிறது, முடிகிறது.

வெள்ளிக்கிழமை வரை இழுக்காதே. உன் முறைக்குப் பின்னால் ஒரு ஊரே நிற்கிறது. உனக்குப் பின்னால் நிற்கிற பெண்ணோ பையனோ பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கையெழுத்துகூட போனிலேயே போட்டுவிடுகிறார்களாம். போட்டதும் எனக்குக் கூப்பிடு. நான் தீவனம் அளந்துகொண்டிருந்தாலும் எடுப்பேன்.

வீட்டைப் பற்றி நீ சொன்னதில் ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். எந்த மாடி? என் வலது முட்டி இப்போது படியைக் கண்டாலே பத்து மைலுக்கு முன்பிருந்தே அழ ஆரம்பிக்கிறது. லிஃப்ட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரி. இல்லையென்றாலும் போடு. மெல்ல ஏறி வாரேன்.

உன் மாமன்